பாலம் பேசுகிறது, கோட்டை கேட்குமா?

டிசம்பர் 23 என்னும் நாள் பாம்பன் கடலின் ஏட்டில் இருமுறை பொறிக்கப்பட்டிருக்கிறது.

முதன்முறை 1964-ல். 22-ஆம் நாள் நள்ளிரவு கழிந்து 23 பிறக்கும் வேளையில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்குகையில் பேரலைக்கு இரையாயிற்று. அதில் இருந்தோர் எவரும் மீளவில்லை. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களிற் பெரும்பாலானவை கடலுக்குள் சரிந்தன. முன்னே என்ன காத்திருக்கிறது என்று அந்த ரயிலை ஓட்டியவருக்குச் சொல்ல அன்று ஒரு குரலும் இல்லை.

இரண்டாம் முறை 2022-ல். அதே மாதம், அதே 23. நூற்றெட்டு ஆண்டு மூத்த அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதியில் சென்னை ஐ.ஐ.டி.யினர் பொருத்தியிருந்த உணரிகள் சிவப்புக் குறி காட்டின. “என் இரும்பு தளர்கிறது, இனி என்மீது சுமை ஏற்றாதீர்” என்று பாலமே வாய் திறந்து சொன்னதற்கு ஒப்பான செய்தி அது. ரயில்கள் மண்டபத்தோடு நிறுத்தப்பட்டன. ஓர் உயிரும் போகவில்லை. ஒப்பாரி எழவில்லை. இழப்பீட்டுத் தொகை அறிவிக்கவோ, விசாரணைக் கமிஷன் அமைக்கவோ தேவை ஏற்படவில்லை.

ஒரே கடல், ஒரே பாலம். 1964-ன் புயலை எந்தக் கருவியும் தடுத்திருக்காது என்பது உண்மையே. ஆனால் அறிந்து நிற்பதற்கும் அறியாமற் போய் விழுவதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை இவ்விரு நாள்களும் நமக்கு அளந்து காட்டுகின்றன. அந்தத் தொலைவைக் கடக்கும் வழி நம் கையில் இருந்தும், நாட்டிலுள்ள ஆயிரமாயிரம் பாலங்களை ஊமைகளாகவே விட்டுவைத்திருக்கிறார்களே, அவர்கள்மீதுதான் இந்த ஞாயிறு நாம் குற்றஞ்சாட்டுகிறோம்.

நாடி பார்க்கும் கலை

உணரி என்றவுடன் ஏதோ மந்திரப் பெட்டி என்று தோழர்கள் மிரள வேண்டுவதில்லை. பாரம் ஏற்றிய கட்டை வண்டியின் அச்சு எழுப்பும் ஓசையைக் கேட்டே, “இது அடுத்த ஊர் சேராது” என்று சொல்லும் வண்டிக்காரரை நம் கிராமங்கள் அறியும். பானையை விரலால் தட்டி, கீறல் உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் தாய்மாரை ஒவ்வொரு சந்தையிலும் காணலாம். பாலத்தின் உணரியும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஓயாமற் செய்கிறது, உறங்காமற் செய்கிறது.

ஒவ்வொரு பாலத்துக்கும் இயல்பான அதிர்வு ஒன்று உண்டு. லாரி ஏறினாலும், ரயில் ஓடினாலும், காற்று வீசினாலும் அது தனக்கே உரிய தாளத்தில் நடுங்கும். உள்ளே விரிசல் கண்டு, இரும்பு துருவேறி, உறுதி குறையுமானால் அந்தத் தாளம் மாறும். அதனை அளக்க அதிர்வுமானி இருக்கிறது. பாரத்தால் உத்தரம் எத்துணை நீள்கிறது, சுருங்குகிறது என்பதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமாகக் கணிக்கத் திரிபுமானி இருக்கிறது. தூண் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்கச் சாய்வுமானி இருக்கிறது. வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்துப் பள்ளம் பறிக்கிறதா என்று ஒலியலை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவியும் இருக்கிறது. வெயிலிலும் குளிரிலும் கூட அதிர்வு சிறிது மாறும். ஆகவே ஓராண்டு முழுதும் அளந்து, இந்தப் பாலத்துக்கு எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறிய வேண்டும். நாடி பார்க்கும் வைத்தியனும் நோயாளியின் இயல்பை அறிந்த பின்னரே பிணியைச் சொல்வான்.

முன்னாளில் இவற்றையெல்லாம் இணைக்கப் பாலத்தின் நீளத்துக்கும் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. செலவில் பெரும்பகுதி அந்தக் கம்பிக்கே போயிற்று. இன்று கம்பியில்லை. உள்ளங்கை அளவுப் பெட்டி, அதற்கு ஒரு மின்கலம் அல்லது சிறு சூரியத் தகடு, அளந்ததை வானொலி அலையாக அனுப்ப ஒரு சிறு கருவி, பாலத்தின் ஓரத்தில் அவற்றைத் திரட்டி அலுவலகத்துக்கு அனுப்பும் ஒரு நிலையம், இவ்வளவே. அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தில் 2006-ஆம் ஆண்டிலேயே 64 கம்பியில்லா உணரிகளை வைத்துச் சோதித்தார்கள். தென் கொரியாவின் ஜிந்தோ பாலத்தில் 2009-ல் 70 உணரிகள் வைத்தார்கள். இது நேற்றுப் பிறந்த புதுமையன்று. இருபதாண்டை எட்டிவிட்ட கலை.

இதற்கான அறிவைக் கடல் கடந்து தேடவும் வேண்டியதில்லை. சென்னைத் தரமணியில் மைய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அதற்கு அருகிலேயே ஐ.ஐ.டி. இருக்கிறது. திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறும் தொழிலாளி சில மணி நேரத்தில் அவற்றின் வாயிலை அடைந்துவிடலாம். ஆனால் அங்கிருக்கும் அறிவு திருவள்ளூரின் பாலங்களை வந்தடைய எத்தனை ஆண்டு ஆகும்? அதைத்தான் எந்த அமைச்சரும் சொல்வதில்லை.

கேளாச் செவிகளின் பட்டியல்

இனி, கேட்க மறுத்ததன் விலை என்னவென்று பார்ப்போம்.

1956 செப்டம்பர் 2. மகபூப்நகர் அருகே ரயில் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. மூன்று திங்கள் நிறையவில்லை. நவம்பர் 23 விடியலுக்கு முன், நம் அரியலூரில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் ஆற்றோடு போயின. சாஸ்திரி மறுபடியும் விலகல் கடிதம் நீட்டினார். இம்முறை அது ஏற்கப்பட்டது. அந்தப் பாலத்தை அவர் கட்டவில்லை. அந்த வெள்ளத்தை அவர் அழைக்கவில்லை. ஆயினும் பொறுப்பு என்பது பதவியின் நிழல் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் கட்சியைக் கடுமையாக எதிர்த்தவர்களும் அதனை மறுக்கவில்லை.

இன்று? 2016 ஆகஸ்டு 2 இரவு மராட்டிய மாநிலம் மகாட் அருகே, சாவித்திரி ஆற்றின் மேல் நின்ற வெள்ளைக்காரர் காலத்துப் பாலம் வெள்ளத்தில் சரிந்தது. இரண்டு அரசுப் பேருந்துகள் இருளில் ஆற்றுக்குள் இறங்கின. அவ்வாண்டு மே மாதத்தில்தான் அந்தப் பாலத்தைப் பார்வையிட்டு, அபாயமில்லை என்று கூறியிருந்தார்கள். கண்ணாற் பார்த்தார்கள், கண்ணுக்குத் தெரிந்தது கல்லும் காரையும். நீருக்கடியில் நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

2022 அக்டோபர் 30. குஜராத்தின் மோர்பியில் தொங்கு பாலம் அறுந்தது. 135 பேர் மாண்டனர். பராமரிப்பை ஒப்புக்கொண்டது கடிகாரத் தொழில் நடத்தும் ஒரு தனியார் குழுமம். பழுது பார்த்ததாகச் சொல்லித் திறந்த நான்காம் நாள் இது நடந்தது. முதன்மை வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன என்று சிறப்புப் புலனாய்வுக் குழு பின்னர்க் கண்டறிந்தது. பின்னர்! மக்கள் மாண்ட பின்னர்! அந்த 22 கம்பிகளும் ஒரே இரவில் துருப்பிடித்தனவா? ஆண்டுக் கணக்கில் நைந்துகொண்டிருந்தவை அல்லவா? கேட்பதற்குத்தான் ஆளில்லை, நுழைவுச் சீட்டு விற்பதற்கு ஆள் இருந்தது.

2025 ஜூலை 9. அதே குஜராத். வதோதரா மாவட்டத்தில் மஹிசாகர் ஆற்றின் மேல் கம்பீரா பாலம் பட்டப்பகலில் பிளந்தது. இருபது பேருக்குக் குறையாமல் இறந்தனர். அது வெள்ளைக்காரன் கட்டியதன்று. 1985-ல் நம்மவர் கட்டியது. நாற்பதே வயது. அந்தப் பாலம் நடுங்குகிறது என்று 2022-லேயே மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் எச்சரித்தார். கடிதம் கோப்பில் உறங்கியது. மக்கள் ஆற்றில் உறங்கினர்.

தோழர்கள் இந்த இடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். கம்பீராவில் எந்த உணரியும் இல்லாமலே எச்சரிக்கை வந்துவிட்டது. மனிதன் தன் காலடியில் உணர்ந்து, தன் கையால் எழுதிக் கொடுத்தான். அவன் எழுத்துக்கே இரங்காத ஆட்சி, மின்கலப் பெட்டியின் குரலுக்கு இரங்குமா? ஆகவே நம் கோரிக்கை பெட்டியோடு முடிவதாக இருக்கக்கூடாது. பாலத்துக்கு நாவைக் கொடுப்பது பொறியாளன் வேலை. ஆட்சிக்குச் செவியைக் கொடுப்பது மக்கள் வேலை.

நம் வாயிற்படியில்

“குஜராத்தும் மராட்டியமும் நமக்கெதற்கு?” என்பார் இருக்கலாம். வாருங்கள், திருப்பாச்சூருக்குப் போவோம்.

திருவள்ளூரை அடுத்து, திருப்பதி சாலையில் இருக்கும் ஊர் திருப்பாச்சூர். தேவாரப் பாடல் பெற்ற வாசீசுவரர் கோயில் அங்கே நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. பாசு என்றால் மூங்கில். ஊரின் பெயரே மூங்கிலை அடியொற்றியது என்பர். மூங்கிலுக்கு ஒரு குணம் உண்டு. முறிவதற்கு முன் அது முனகும். பாரம் தூக்குகிறவன் அந்த முனகலைக் கேட்டுத் தோளை மாற்றிக்கொள்வான். சிமெண்டும் இரும்பும் அப்படி நம் காதுக்கு எட்டும்படி முனகுவதில்லை. அதனாற்றான் அவற்றுக்குக் கருவி தேவைப்படுகிறது.

இந்த வட்டாரத்தின் சாலைகளில் இன்று ஓடும் பாரம் எத்தகையது? வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகள். கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் பெட்டக லாரிகள். தெற்கே திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளின் சரக்கு. எல்லாப் பக்கமும் செங்கல், ஜல்லி, மண். இவை அத்தனையும் கொசஸ்தலையாற்றையும் ஆரணியாற்றையும் ஏதோ ஓரிடத்தில் கடந்தாக வேண்டும். காரனோடையில் கொசஸ்தலையைக் கடக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வண்டிகளை எண்ணி முடியாது. ஒவ்வொன்றும் ஏற்றியிருக்கும் சுமையை எண்ணினால் உறக்கம் வராது. பல ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட கணக்கில் கட்டிய பாலங்களின் மேல் இன்றைய பாரம் ஏறுகிறது. கணக்கு மாறிற்று. கணக்கனுக்குத் தெரியுமா?

மழைக்காலத்தில் பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகு திறந்தால் கொசஸ்தலை கரை புரளும். 2015-லும் 2021-லும் இந்த மாவட்டத்து மக்கள் அதைக் கண்டார்கள். தரைப்பாலங்கள் நீரில் மூழ்கி, ஊர்கள் தீவுகளாயின. கோடையிலோ வேறு வகை வெள்ளம்; மணல் கொள்ளையரின் வண்டி வெள்ளம். ஆற்று மணலை அள்ள அள்ள ஆற்றின் அடிமட்டம் தாழ்கிறது. தூணை அணைத்துக்கொண்டிருந்த மண் போய்விடுகிறது. வேர் தெரியும் மரத்தைப் போல் தூண் நிற்கிறது. அடுத்த வெள்ளத்துக்கு அதுவே வழி திறந்து வைக்கிறது. திருச்சியில் 1928-ல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து விழுந்ததே! போக்குவரத்து முன்னரே புதுப் பாலத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால் உயிர் தப்பினோம். மாற்றியிராவிட்டால்?

இந்த வட்டாரத்துப் பாலம் எதுவும் நாளையே விழும் என்று நாம் பீதி கிளப்பவில்லை. அவை வலுவாகவும் இருக்கலாம். நாம் கேட்பது வேறு. அவை வலுவாக இருக்கின்றன என்று இங்குள்ள குடிமகனுக்கு எப்படித் தெரியும்? எந்தப் பாலம் எந்த ஆண்டு கட்டியது, எத்தனை டன் தாங்கும், கடைசியாக யார் சோதித்தார், என்ன கண்டார்? பாலத்தின் தலைமாட்டில் திறந்து வைத்த அமைச்சரின் பெயர் பளிங்கில் பளபளக்கிறது. தாங்கும் பாரத்தின் அளவு எந்தக் கல்லில் இருக்கிறது?

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூர் – தர்பங்கா எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதை இப்பகுதித் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பாலத்தின் பிழையன்று. பாதை மாறிய பிழை. ஆனால் பாடம் ஒன்றே. இருப்புப் பாதையின் ஒவ்வொரு கணுவிலும் விழித்திருக்கும் கண் வேண்டும். தென்னாட்டின் முதல் ரயில் 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி ஓடியபோது திருவள்ளூர் வழியாகத்தான் ஓடியது. நாட்டின் ரயில் பாலங்களில் 37,000-க்கு மேற்பட்டவை நூறு வயதைத் தாண்டியவை என்று 2018 வாக்கில் ரயில்வே அமைச்சகமே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. நூறு வயது என்பதாலேயே பாலம் தளர்ந்துவிடாது; முன்னோர் உறுதியாகவே கட்டினர். ஆனால் நூறு வயதுக் கிழவரை மருத்துவரிடம் காட்டாதிருக்க அது காரணமாகுமா?

மூன்று சால்சாப்பு

ஆளவந்தார் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

முதற் பதில், “பணம் இல்லை” என்பது. புதுப் பாலத்துக்குப் பணம் இருக்கிறது. அதன் திறப்பு விழாவுக்கும் வளைவுக்கும் விளம்பரத்துக்கும் பணம் இருக்கிறது. பழைய பாலத்தின் நாடி பார்க்க மட்டும் கஜானா வற்றிவிடுகிறது. காரணம் எளிது. பராமரிப்புக்கு ரிப்பன் இல்லை, கத்தரிக்கோல் இல்லை, கைதட்டல் இல்லை. விழாத பாலத்தைக் காட்டி எவரும் ஓட்டுக் கேட்பதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே தென்பெண்ணையின் குறுக்கே ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் எழுந்த பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. எதிர்பார்த்ததற்கு மேல் நீர் வந்தது என்றார்கள். எதிர்பார்ப்பைக் கணக்கிட்டது யார்? பீகாரில் 2024 ஜூன், ஜூலைத் திங்கள்களில் பத்துக்கு மேற்பட்ட பாலங்கள் அடுத்தடுத்துச் சரிந்தன. கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் ஒப்பந்தக்காரரின் கொடி இறங்குவதில்லை என்பதற்கு இவை சான்று.

இரண்டாம் பதில், “எங்கள் பொறியாளர்கள் பார்வையிடுகிறார்கள்” என்பது. பார்வையிடட்டும். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கு எல்லை உண்டு. அமெரிக்காவில் 1967-ல் வெள்ளிப் பாலம் என்ற தொங்கு பாலம் இடிந்து 46 பேர் மாண்டனர். காரணம், ஓர் இரும்புப் பட்டையின் உட்புறத்தில் இருந்த மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல். கழற்றிப் பார்த்தாலன்றி எந்தக் கண்ணும் காணவியலாத விரிசல். அதன் பின்னரே அந்நாட்டில் பாலச் சோதனைக்கு நாடளாவிய சட்டம் வந்தது. 2007-ல் அதே அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் மற்றொரு பாலம் சரிந்து 13 பேர் இறந்தனர். குறையுள்ள பாலம் என்று பல ஆண்டுகளாகவே ஏட்டில் எழுதி வைத்திருந்த பாலம் அது. அதற்கு மாற்றாக அடுத்த ஆண்டு கட்டிய பாலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட உணரிகளைப் பதித்தார்கள். செல்வச் செழிப்புள்ள நாடும் பிணத்தின் மேல் நின்றுதான் பாடம் படித்தது. நாமும் அதே விலை கொடுத்துத்தான் படிக்க வேண்டுமா?

மூன்றாம் பதிலே மிகவும் நயவஞ்சகமானது. “கருவி வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு?” என்பது அது. தோழர்களே, இங்கேதான் விழிப்பு வேண்டும்.

2002-ல் தமிழகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றாண்டுக்கு மேல் அவர்கள் குடும்பங்கள் பட்ட துயரத்தை நாடறியும். போராடி, 2006-ல் மீண்டும் வேலை பெற்றார்கள். சாலையோரத்து முட்செடியை வெட்டுகிறவர், பாலத்தின் வடிகால் துளையில் அடைத்த மண்ணைக் குத்தி எடுக்கிறவர், இருப்புப் பாதையில் நள்ளிரவில் சுத்தியலோடு நடக்கும் கேங்மேன். இவர்கள்தாம் இந்நாட்டின் முதல் உணரிகள். வடிகால் துளை அடைபட்டால் தளத்தில் நீர் தேங்கும். நீர் உள்ளே கசிந்தால் கம்பி துருவேறும். துரு பருத்தால் சிமெண்டு பிளக்கும். ஒரு பணியாளர் ஒரு கம்பியால் குத்தித் தடுக்கக்கூடிய நோயைப் பிறகு கோடி ரூபாய் கொட்டியும் தீர்க்க முடியாது. உணரி அந்தத் துளையைத் தூர் வாராது. காய்ச்சலைக் காட்டும் கருவி காய்ச்சலைத் தணிக்காது. கருவி வரட்டும், அதைத் துணையாகக் கொள்ளும் தொழிலாளியும் இருக்கட்டும். தொழிலாளியின் சோற்றைப் பறிக்க அதனைச் சாக்காக்குவோரை நாம் எதிர்ப்போம்.

பூட்டிய பெட்டி வேண்டாம்

இன்னோர் அபாயமும் உண்டு. உணரியும் ஓர் ஒப்பந்தமாகிவிடலாம். தனியார் நிறுவனம் ஒன்று வரும். பாலமெங்கும் பெட்டி தொங்கவிடும். வண்ணத் திரையில் கோடுகள் ஓடும். அமைச்சர் படம் எடுத்துக்கொள்வார். மின்கலம் தீர்ந்த பின் மாற்ற ஆளிருக்காது. கோடுகள் என்ன சொல்கின்றன என்பது வணிக இரகசியமாகிவிடும்.

இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018 ஆகஸ்டு 14 அன்று மொராண்டிப் பாலம் இடிந்து 43 பேர் மடிந்தனர். சுங்கம் தண்டியதும் பராமரிக்கக் கடமைப்பட்டதும் ஒரு தனியார் நிறுவனமே. மக்கள் சீற்றத்துக்குப் பின் அந்நிறுவனத்தின் உரிமை 2022-ல் அரசு நிதி நிறுவனம் தலைமை தாங்கிய குழுவின் கைக்கு மாறியது. சுங்கப் பணம் அன்றாடம் வந்தது. பொறுப்பு மட்டும் இடிபாட்டுக்குப் பின் வந்தது. நம் நாட்டிலும் சுங்கச் சாவடிகள் இரவு பகல் விழித்திருக்கின்றன. வண்டி ஒன்று பணம் கட்டாமற் போனால் நொடியில் அறியும் உணரி அங்கே இருக்கிறது. அந்த வண்டியைத் தாங்கும் தூண் சரிந்தால் அறியும் உணரி எங்கே?

பாம்பனின் கதையில் வெற்றிக்குப் பின்னாலும் ஒரு பாடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் பாலம் எச்சரித்தது; ரயில் நின்றது; நன்று. ஆனால் புதுப் பாலம் திறந்ததோ 2025 ஏப்ரல் 6-ல். இருபத்தேழு திங்கள் இராமேசுவரத்துக்கு ரயில் இல்லை. மீனவரும் சிறு வணிகரும் மாணவரும் பேருந்துக்குக் கூடுதல் காசு கொடுத்துக் கடந்தார்கள். அதற்கிடையே, புதுப் பாலத்தைச் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் குறைகளைப் பட்டியலிட்டார். துருவும் அதில் ஒன்று. கடலுக்கு இரும்பைத் தின்னத் தெரியும் என்பது 1914-லேயே அறிந்த செய்தி. 1964-ன் அழிவுக்குப் பின், அன்று இளம் பொறியாளராயிருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் தொழிலாளர்கள் 46 நாள்களில் பாலத்தை மீட்டுத் தந்தார்கள். கருவிகள் குறைந்த காலத்தில் 46 நாள்; கருவிகள் நிறைந்த காலத்தில் 27 திங்கள்! பழுதுபார்ப்பும் புதிதாய்க் கட்டுவதும் ஒன்றல்ல என்பது நமக்கும் தெரியும். ஆயினும் நூறு வயதுப் பாலத்துக்கு மாற்று வேண்டுமென்பது அது விழிக்கும் நாளில்தானா தெரிய வேண்டும்?

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஏடு வேண்டும். கட்டிய ஆண்டு, தாங்கும் பாரம், கடைசிச் சோதனையின் நாள், கண்ட குறை, அதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவி ஆகியவற்றைப் பாலத்தின் இரு முனையிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். மைய அரசு 2016-ல் நாடு முழுதுமுள்ள நெடுஞ்சாலைப் பாலங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கிற்று. 147 பாலங்களுக்கு உடனடிக் கவனிப்புத் தேவை என்று 2017-ல் சொன்னார்கள். கணக்கு எடுத்தது நன்று. அந்தக் கணக்கு அந்தந்த ஊர் மக்களுக்குத் தெரியாமல் டில்லிக் கணிப்பொறியில் கிடப்பதால் யாருக்கு என்ன நன்மை?

வயது முதிர்ந்த பாலம், கனரக வண்டி மிகுந்த பாலம், மணல் போய்த் தூணடி தெரியும் பாலம். இம்மூன்றுக்கும் முதலில் உணரி பொருத்த வேண்டும். தரமணி ஆய்வு நிலையமும் ஐ.ஐ.டி.யும் பொறுப்பேற்கட்டும். அளவுகள் பொதுச் சொத்தாக இருக்கட்டும். கல்லூரி மாணவரும் தொழிற்சங்கமும் எடுத்துப் பார்க்க முடியட்டும்.

அபாயக் குறி தோன்றிய கணமே போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் அந்த இடத்துப் பொறியாளருக்கு இருக்க வேண்டும். மேலிடத்து அனுமதிக்கு அவர் காத்திருக்கக் கூடாது. நிறுத்தியதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. நிறுத்தாததற்காக மேலிடத்தைத் தண்டிக்க வேண்டும். அரசனை இடித்துரைக்கும் துணை வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தினார். அஞ்சாது இடித்துரைக்கும் பொறியாளரை ஊர் மாற்றித் துரத்தும் ஆட்சிக்கு எந்த உணரி இருந்து என்ன பயன்?

சாலைப் பணியாளர், கேங்மேன் பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்ப வேண்டும். பாலத்துக்கு அருகே மணல் அள்ளுவோரைப் பிணையில் வர முடியாத சட்டத்தில் அடைக்க வேண்டும்.

இவற்றைக் கோட்டை தானே முன்வந்து தராது. தோழர்கள் எழுந்தால் தரும். ஒவ்வொரு கிளையும் தன் ஊராட்சியிலுள்ள பாலங்களை எண்ணட்டும். கோடையில் ஆறு வறண்டிருக்கும்போது இறங்கித் தூணடியைப் பாருங்கள். மண் போயிருக்கிறதா? கம்பி வெளியே தெரிகிறதா? வடிகால் அடைத்திருக்கிறதா? நாள் குறித்து எழுதி வையுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி அந்தப் பாலத்தின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை இருந்தால் படியுங்கள். இல்லையென்று பதில் வந்தால் அந்தப் பதிலையே துண்டறிக்கையாக அச்சிட்டு ஊரெங்கும் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். கம்பீராவில் ஒருவர் எழுதினார். கோப்பு அதை விழுங்கிவிட்டது. இங்கே ஓராயிரம் பேர் எழுதுவோம். எந்தக் கோப்பு விழுங்கும் பார்ப்போம்!

பாலம் கட்டியது தொழிலாளியின் கை. பாலத்தின் மேல் அன்றாடம் போவது தொழிலாளியின் கால். பாலம் விழுந்தால் அடியில் கிடப்பதும் அவன் உடலே. ஆகவே அந்தப் பாலம் என்ன சொல்கிறது என்று அறியும் உரிமையும் முதலில் அவனுடையதே. பாலம் பேசத் தொடங்கிவிட்டது. கோட்டைக்குக் கேட்கும் வரை நாமும் பேசுவோம்.